வயிற்றைப் பார்த்துப் பேசிய ஊர்

போன வாரம் தங்கையை லிஃப்டுக்குள் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே நிற்கிறாளோ என்று யாரும் பதற வேண்டாம். அவளிடம் குடை இருக்கிறது.

மழைக்காக அல்ல. ஆபீஸ் ஆறாவது மாடியில் இருக்கிறது. அவள் கை எட்டுவது மூன்றாவது மாடிப் பொத்தான் வரைக்கும்தான். அதற்கு மேலே குடை நுனிதான் அவளுக்கு விரல். அந்தப் பொத்தான்களை வைத்த மகானுபாவர் எவரோ, தன் வீட்டு ஆட்களை மட்டும் நிற்க வைத்து அளவெடுத்திருக்கிறார்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. உயரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். பிறவியிலேயே அப்படி. வீட்டிலும் ஆபீஸிலும் எல்லோருக்கும் அவள் ‘குட்டி’. அந்தப் பெயரை வைத்தவன் அண்ணன். செல்லமாகத்தான் வைத்தான். அந்தச் செல்லம் கசந்துபோய் வெகு காலமாகிறது, ஆனால் அவள் அதை அவனிடம் சொன்னதில்லை. நாமாவது அவளைத் தங்கை என்றே சொல்வோம்.

லிஃப்டுக்குள் அவளைக் கொதிக்க வைத்தது பொத்தான் அல்ல, போன். காலையில் அண்ணன் அனுப்பியிருந்தான்: “இன்னைக்கு நீ வர வேண்டாம் குட்டி. நாங்க பாத்துக்கறோம். ரெஸ்ட் எடு.”

இன்றைக்கு என்ன நாள்? அண்ணன், அண்ணி, தங்கை மூவரும் வருஷக்கணக்காக உயிரைக் கொடுத்துச் செய்த வீடியோ கேமைப் பார்க்க, அதை உலகமெங்கும் வெளியிடக்கூடிய பெரிய கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வரும் நாள். மற்ற கம்பெனிகள் எல்லாம் கையை விரித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான். இந்த நாளில், ஜுரம்கூட இல்லாதவளை ரெஸ்ட் எடுக்கச் சொல்கிறான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்தக் கேமைப் பற்றி ஒரு வார்த்தை. பெயர் ‘பூட்டுக்காரி’. ஊர் ஊராகப் போய், திறக்க முடியாத பூட்டுகளைத் திறந்து கொடுக்கும் ஒருத்தியின் கதை. ஆடுகிறவர் அவளைத் திரையில் பார்க்க மாட்டார், அவள் கண் வழியாக ஊரைப் பார்ப்பார். அந்தக் கண்ணுக்குத் தொழிலில் கேமரா என்று பெயர். வழக்கமாக அதை ஓர் ஆறடி ஆண்பிள்ளையின் உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். குள்ளமான பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து ஆடினாலும் உடம்பைச் சுருக்குவார்களே ஒழிய, கேமராவை இறக்க மறந்துபோகும்.

தங்கை இறக்கினாள். தரையிலிருந்து நூற்று நான்கு சென்டிமீட்டர். அவளுடைய கண் இருக்கும் உயரம். அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் கேமின் ஒவ்வொரு கதவும் மேஜையும் மனிதனும் அளந்து செய்யப்பட்டது. சுவரோரம் அவளை நிற்க வைத்து டேப் பிடித்து அளந்தவன் சாட்சாத் அண்ணனேதான்.

லிஃப்ட் திறந்தது.

முன்னறையில் அண்ணி நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்தவள், குரல் தேன். பூட்டுக்காரிக்குக் குரல் கொடுத்ததும் அவள்தான். தங்கையைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்காலியை ‘டக்’கென்று கீழே வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். நாற்காலியைத் துடைத்துக்கொண்டே மறுபடியும் சாப்பிட்டாயா என்று கேட்டாள். தங்கை பதில் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போன பிறகும், பின்னாலிருந்து அதே கேள்வி வந்தது.

தங்கையின் நாற்காலி தனி. கால் தொங்காமல் இருக்க அடியில் ஒரு பலகை பொருத்தியிருக்கும். இன்றைக்கு அதில் காலை ஊன்றியதும் பலகை லொடலொடவென்று ஆடியது. யாரோ கழற்றி, சரியாக முடுக்காமல் மாட்டியிருக்கிறார்கள். கூட்டித் துடைக்கிறவர்கள் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்தபடி கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

கேமின் முதல் அறை ஒரு சத்திரத்துச் சமையலறை. அடுப்பு மேடை கண்ணுக்கு மேலே இருக்கும். மேலே ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். மூலையில் கிடக்கும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினால்தான், துரு போவதற்காகக் கொதிநீரில் போட்ட சாவி தெரியும். ஆடுகிறவருக்குப் பூட்டுக்காரி யாரென்று சொல்ல அவள் வேறு ஒரு வசனமும் வைக்கவில்லை. அந்த ஸ்டூலே போதும் என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்குத் திரை திறந்ததுமே சாவி தெரிந்தது.

பழைய கோப்பு எதையோ திறந்துவிட்டோம் என்று மூடித் திறந்தாள். அதே சாவி. மேடை இடுப்பளவுக்கு இறங்கிக் கிடந்தது. ஸ்டூல் வேலையில்லாமல் நின்றது. கதவுப் பக்கம் திரும்பினால், கண்ணுக்கு நேராக இருக்க வேண்டிய சாவித் துவாரத்தைக் காணோம், மேல்சட்டம்தான் தெரிந்தது. நடந்து பார்த்தாள். கால்கள் பழைய குட்டைக் கால்கள், கண் மட்டும் மேலே. பொய்க்கால் கட்டியவன் தத்தித் தத்திப் போவதுபோல் திரை ஆடியது.

கேமரா உயரம் என்ற இடத்தைத் திறந்தாள். நூற்று எழுபத்திரண்டு. அது யாருடைய கண்ணுயரம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணை அண்ணாந்து பார்க்கிறவள் அவள்.

தன் கோபம் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைக்கு ஏற ரொம்ப நேரம் பிடிக்காது, போக வேண்டிய தூரம் குறைவு என்று அவளே கேலி பேசுவதுண்டு. இன்றைக்குக் கேலி பேச வாய் வரவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, குடையை எடுத்துக்கொண்டு, அண்ணனின் கண்ணாடி அறைக் கதவை அதன் நுனியால் தள்ளித் திறந்தாள்.

அண்ணன் டை கட்டிக்கொண்டிருந்தான்.

“நூத்தி எழுவத்திரெண்டு யார் போட்டது?”

அவன் மறைக்கவில்லை. மறைத்திருந்தாலாவது அவளுக்கு இத்தனை எரிந்திருக்காது. நான்தான் போட்டேன் என்று, விளக்கு மாற்றியதைச் சொல்வதுபோல் சொன்னான். ஆடிப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றுகிறதாம். தலை சுற்றியது நடக்கும்போது திரை ஆடியதால், அதை எப்போதோ சரிசெய்தாயிற்று, சரியென்று தலையாட்டியதும் நீதான் என்றாள் தங்கை. உடனே அவன் அடுத்த சப்பைக்கட்டுக்குப் போனான். வருகிற அம்மாள் முதல் சில நிமிஷத்திலேயே முடிவெடுத்துவிடுவாராம். அந்த நேரத்தில் அவரைத் தரையோடு தரையாக நடக்க வைத்தால் மனசு சுருங்கிப்போகுமாம்.

“கேம் ஆடறவன் வீரனாகணும்னு வரான் குட்டி. குட்டையாகணும்னு வரல.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவசரமாக ஒரு சமரசம் வைத்தான். கேமராவை நடுவாந்தரமாக வைத்துவிட்டு, ஊர்க்காரர்களின் அளவையெல்லாம் கொஞ்சம் குறைத்துவிடலாம், எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்றான்.

“அவங்களச் சுருக்கினா நான் வளந்துட்டேன்னு அர்த்தமா?”

“ஒரே ஒரு நம்பர் மாத்தினேன். அதுக்கு இவ்வளவு கோபமா?”

“அந்த நம்பர அளந்தவன் நீ. பென்சில்ல கோடு போட்டே. அந்தச் சுவத்துல கோடு இன்னும் இருக்கு. போய்ப் பாரு.”

அண்ணன் சிரித்தான். சமாதானம் செய்யும்போது அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலது கையை நீட்டி அவள் உச்சந்தலையில் இரண்டு தட்டுத் தட்டுவான். வாலாட்டும் நாயைத் தட்டுவார்களே, அப்படி. அவள் பரீட்சையில் தேறினபோதும் தட்டினான், அப்பா போனபோதும் தட்டினான். இப்போதும் தட்டினான்.

தங்கை குடைக் கம்பால் அந்தக் கையைத் தள்ளினாள். வாழ்க்கையில் முதல் தடவை.

“கைய எடு.”

அண்ணனின் முகம் செத்துப்போனது. வருகிறவர் முன்னால் தகராறு வேண்டாம், அந்த நம்பரைத் தொடாதே, தொட்டால் ஆபீஸை இழுத்து மூடிவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைப் பார்த்து டையைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டான். அந்தக் கண்ணாடியும் அவன் உயரத்தில்தான் மாட்டியிருந்தது.

டீ போடும் மூலைக்கு வந்தாள். மேடை எட்டாது, எப்போதும் எட்டாது. அண்ணி கேட்காமலே ஒரு கோப்பை ஊற்றிக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகாமல் நின்று புடவைத் தலைப்பைத் திருகினாள்.

“தலைசுத்தலுக்காக எல்லாம் இல்லை,” என்றாள் மெதுவாக. “ஞாயித்துக்கெழமை உங்கண்ணன் தனியா ஒக்காந்து ஆடினார். கடைத்தெருவுல அந்தக் கடைக்காரன் வருவான்ல, அந்த எடத்துல எழுந்து வெளியே போயிட்டார். அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல.”

தங்கை வாயருகே கொண்டுபோன கோப்பையை இறக்கினாள்.

அந்தக் கடைக்காரன் யாரென்று சொல்லிவிடுகிறேன். கேமில் வரும் ஊர்க்காரர்கள் கையை ஆட்டுவதும் கழுத்தைச் சாய்ப்பதும் நிஜ மனிதன் ஒருவன் செய்து காட்டியது. பொட்டுப் பொட்டாகக் கருவிகள் ஒட்டிய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் நடித்தால், கம்ப்யூட்டர் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். வெளியாளைக் கூப்பிட வசதியில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லா ஊர்க்காரர்களுமாக நடித்தவன் அண்ணன். பூட்டுக்காரியின் இடத்தில் தங்கை நின்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: நான் பூட்டுத் திறக்க வந்தவள், உனக்குக் கதவு திறந்தாக வேண்டும், என்னோடு பேசு. மற்றதெல்லாம் அவனாகச் செய்தது. தலையில் தட்டினது அவனாக. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் தலைக்கு மேலாகப் பக்கத்திலிருப்பவனைக் கேட்டது அவனாக. அவள் வாயைத் திறக்குமுன் அவளுக்கான பதிலைச் சொன்னதும் அவனாகத்தான். அவள் எதையும் சேர்க்கவில்லை. எதையும் வெட்டவும் இல்லை. வேண்டுமென்றேதான் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் அதைக் கீழிருந்து பார்த்திருக்கிறான். முதல் தடவையாக.

இதுவரை அவள் அண்ணனை விவரம் தெரியாதவன் என்றுதான் நினைத்திருந்தாள். தெரியாமல் செய்தவனோடு சண்டை போடலாம், பிறகு சேர்ந்து சாப்பிடலாம். இவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு, தன்னை மாற்றிக்கொள்ளாமல், பார்த்த கண்ணைத் தூக்கி மேலே வைத்துவிட்டான்.

அண்ணி இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. கம்பெனி அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்.

கட்டையாக வெட்டிய நரைமுடி, தட்டைச் செருப்பு, அதிகம் பேசாத வாய். அண்ணன் ஓடிப்போய் வரவேற்றான். அண்ணியைப் பார்த்ததும் அந்த அம்மாள் தெரிந்தவரைப் பார்த்தாற்போல் தலையசைத்தார். தங்கை அதைக் கவனித்தாள். ஆனால் யோசிக்க நேரமில்லை, அண்ணன் அவளைக் காட்டிப் பேசத் தொடங்கியிருந்தான்.

“இவ என் தங்கச்சி. டிசைன்ல கொஞ்சம் கூடமாட ஒத்தாசை பண்ணுவா.”

கூடமாட ஒத்தாசை. கேமின் ஒவ்வொரு கதவையும் கீலோடு கட்டியவள் அவள். அம்மாள் அவளைப் பார்த்துக் குழந்தைகளிடம் சிரிப்பதுபோல் சிரித்துவிட்டு, அண்ணனின் முகத்துக்கே திரும்பிக்கொண்டார். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அந்த இடத்திலேயே குடையை வீசிவிட்டுப் போயிருப்பாள். பூட்டுக்காரியைத் தனியே இவர்கள் கையில் விட்டுப்போக மனம் வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. சாவியை அம்மாள் உடனே எடுத்துவிட்டார். கதவைத் திறந்தார். அண்ணன் தங்கையைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினான்.

முதல் ஊர்க்காரி வந்தாள். சத்திரக்காரி. வந்து நின்று, கழுத்தைக் குனிந்து, திரையின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பேசினாள். அம்மாள் அவளைக் கூச்சக்காரி என்று நினைத்திருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவன் வந்தான். அவனும் குனிந்தே பேசினான்.

தங்கைக்குச் சட்டென்று புரிந்தது. கேமின் ஊர்க்காரர்களுக்கு எங்கே பார்த்துப் பேசுவது என்று ஒரு புள்ளி குறித்துக் கொடுத்திருக்கும். அந்தப் புள்ளி பூட்டுக்காரியின் முகத்தில் இருந்தது. அண்ணன் கேமராவை ஏற்றினானே தவிர முகத்தை ஏற்றவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு ஞாபகமில்லை. அவள் எந்த உயரத்தில் இருந்தாளோ அந்த உயரத்திலேயே ஊர் முழுக்க அவளைத் தேடிக்கொண்டிருந்தது. ஆறடிக் கண்ணிலிருந்து பார்க்கிறவருக்கு அது வயிறு.

கடைத்தெருவில் கூட்டம். அத்தனை பேரும் வயிற்றைப் பார்த்தே பேசினார்கள். காய் விற்கிறவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள். காவல்காரன் வயிற்றைப் பார்த்து அதட்டினான். அம்மாள் ஆட்டத்தை நிறுத்தித் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

“என் மேல ஏதாவது கொட்டியிருக்கா?”

அண்ணன் அசடு வழிந்தான். சின்னக் கோளாறு, சாயங்காலமே சரிசெய்துவிடலாம் என்று மென்று விழுங்கினான். அதற்குள் திரையில் கடைக்காரன் வந்துவிட்டான். கையை நீட்டினான். தட்ட அங்கே தலை இல்லை. அந்தக் கை சாவகாசமாக வயிற்றுப் பக்கம் வந்து, இரண்டு தட்டுத் தட்டியது.

அம்மாள் நாற்காலியோடு பின்னால் போனார். கையிலிருந்த கேம் கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

அப்போது அண்ணன் ஒரு காரியம் செய்தான். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. திரும்பி, எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னான்:

“என்ன பண்ணி வெச்சிருக்கே குட்டி?”

அண்ணி தரையைப் பார்த்தாள்.

தங்கை கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்திருப்பான். கத்தியிருந்தால் அவனுக்கு வசதி, பார்த்தீர்களா மேடம் என்று கையை விரித்திருக்கலாம். அவள் கத்தவில்லை. மூலையிலிருந்த ஸ்டூலைத் தரையில் கரகரவென்று இழுத்து வந்து மேஜைக்கு அருகில் போட்டு ஏறி நின்றாள். கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாள். நூற்று எழுபத்திரண்டை அழித்தாள். நூற்று நான்கு என்று அடித்தாள். அண்ணன் கையை நீட்டித் தடுக்க வந்தான். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கை பாதியில் நின்றது.

“ஒக்காருங்க மேடம். இப்ப ஆடுங்க.”

என்னவோ தோன்றி அந்த அம்மாள் உட்கார்ந்தார்.

சமையலறை. இப்போது சாவியைக் காணோம். மேலே கொதிக்கும் சத்தம் மட்டும். அம்மாள் அங்கேயும் இங்கேயும் திரும்பினார், சுவரோரமாக ஒரு சுற்று வந்தார், கடைசியில் ஸ்டூலைக் கண்டுபிடித்து இழுத்தார். கேமுக்குள்ளும் அதே கரகர சத்தம். அவர் ஒரு தரம் திரும்பி, பக்கத்தில் ஸ்டூல் மேல் நிற்கிறவளைப் பார்த்தார். பிறகு திரைக்குத் திரும்பி ஏறினார்.

சாவித் துவாரம் கண்ணுக்கு நேராக வந்தது. அதன் வழியாக அடுத்த அறை முழுக்கத் தெரிந்தது. அந்த அம்மாள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

கடைத்தெருவில் இடுப்புகளும் கூடைகளும் பெல்ட்டுகளுமாக ஒரு காடு. அதற்குள் நுழைந்து நுழைந்து போனார். காய் விற்கிறவள் கண்ணைப் பார்த்துப் பேசினாள். கடைக்காரன் வந்தான். முகவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரிந்தன. மேலேயிருந்து ஒரு கை இறங்கியது. திரை இருண்டது, ஒரு தட்டு, வெளிச்சம், மறுபடி இருட்டு, இன்னொரு தட்டு. பிறகு அவன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்து, இவளுக்கு என்ன வேணுமாம் என்று கேட்டான்.

அம்மாள் பேசுவதற்கான பொத்தானை அழுத்தினார். கடைக்காரன் கேட்கவில்லை, அவனே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தான். மறுபடி அழுத்தினார். பிறகு கட்டைவிரல் நகம் வெளுக்கும்படி அழுத்தினார்.

“நான் பேசறேன்ல,” என்றார் திரையைப் பார்த்து.

அண்ணியிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கடைக்காரனாக நடித்தது யார் என்று கேட்டார்.

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். “நான்தான் மேடம்.”

“நல்லா நடிச்சிருக்கீங்க.”

“அது நடிப்பு இல்லை மேடம்,” என்றாள் தங்கை.

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரும் அவனுக்கு நாற்காலி போடவில்லை, கீழே கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

அம்மாள் எழுந்தார். இந்த முறை அண்ணனைப் பார்க்கவில்லை. ஸ்டூல் மேல் நின்றவளின் கண்ணும் அவர் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருந்தன. இந்த உயரம் என்றால் எடுத்துக்கொள்கிறேன், மேலே ஏற்றினால் எனக்கு வேண்டாம் என்றார். நாளைக்குக் கம்பெனியில் எல்லோரும் கூடுகிறார்கள், இதை உருவாக்கியவர் வந்து பேச வேண்டும் என்றும் சொன்னார்.

தங்கைக்குக் கண்ணில் நீர் முட்டியது. அது சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

லிஃப்ட் வரை போன அம்மாள், கதவு திறந்த பிறகு நின்றார். ஏதோ கணக்கு இடித்தாற்போல் திரும்பி, முதலில் தங்கையையும் பிறகு அண்ணியையும் பார்த்தார்.

“நீங்க அனுப்பின வீடியோவுல, பூட்டுக்காரிய நான்தான் உருவாக்கினேன்னு சொன்னது இவங்கதானே? அப்ப நாளைக்கு யார் வரப்போறீங்க?”

அவர் காட்டியது அண்ணியை. பதிலுக்குக் காத்திருக்காமல் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

முதலில் அசைந்தது அண்ணன். ஸ்டூலிலிருந்து இறங்கியிருந்த தங்கையின் எதிரே வந்து, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தான். கண் கலங்கியிருந்தது.

“குட்டி, நான் சொல்றதக் கேளு...”

“எந்திரி.”

அவன் புரியாமல் விழித்தான்.

“மண்டி போட்டு என்கிட்டப் பேசாதே. நின்னே பேசு, அண்ணாந்து பாத்து எனக்குப் பழக்கம்தான். என்னைப் பாத்துப் பேசு, அது போதும். அந்த வீடியோவப் போடு.”

அவன் எழுந்தான். அவள் உயரத்துக்குக் குனியத் தெரிந்தவனுக்கு, நின்றபடி அவள் கண்ணைப் பார்க்கத் தெரியவில்லை. வேண்டாம் குட்டிம்மா என்று அண்ணி விசும்பினாள். தங்கை நகரவில்லை. கடைசியில் அவன் போய் வீடியோவைப் போட்டான்.

பெரிய திரையில் அண்ணி. மை தீட்டி, தலை வாரி, பளிச்சென்று. உட்கார்ந்திருந்தது தங்கையின் நாற்காலியில். அடியில் கால் பலகை இல்லை. நெடிய கால்களைத் தரையில் நன்றாக ஊன்றி, அந்தத் தேன் குரலில் சொன்னாள்:

“நான் குழந்தையா இருந்தப்ப, கதவுல இருக்கற சாவித் துவாரம் என் கண்ணுக்கு நேரா இருக்கும். அங்கிருந்துதான் இந்தப் பூட்டுக்காரி பொறந்தா.”

ஒரு நாள் மனம் விட்டுப் போய்த் தங்கை அண்ணியிடம் சொன்னது அது. ஒருவரிடமும் சொல்லாததை அவளை நம்பிச் சொன்னது. அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் சேர்த்திருந்தார்கள். குழந்தை. முப்பத்தாறு வருஷ வாழ்க்கையை அந்த ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடிவிட்டார்கள். தங்கைக்குச் சாவித் துவாரம் இன்று காலைகூடக் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

அவள் வீடியோவை நிறுத்தினாள். காலடியில் லொடலொடத்த பலகையை யார் கழற்றியது என்று இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“அது மட்டும் இல்லை குட்டிம்மா,” என்றாள் அண்ணி. அழுகையில் குரல் உடைந்திருந்தது. “நாளைக்குன்னு அந்தம்மா சொன்னாங்கள்ல. அதுக்கு முன்னாடியே...”

“வாய மூடு,” என்றான் அண்ணன்.

அவன் அண்ணியிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

தங்கை முந்திக்கொண்டாள். குடையை எடுத்து, அதன் நுனியால் வாசல் கதவைத் தள்ளிச் சாத்தினாள். எம்பி நின்று மேல் தாழ்ப்பாளையும் அதே நுனியால் தள்ளிவிட்டாள். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து நின்று, அண்ணனைப் பார்க்காமல், அண்ணியை அண்ணாந்து பார்த்தாள்.

“நீங்க சொல்லுங்க அண்ணி.”